லோரலை: பார்வைக்குள் வராத படகோட்டி

ரூடஸ்ஹைமில் ஏறி சாங்க்ட் கோரில் இறங்கும் பகல் படகில்தான் நான் போனேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாசல் வரை ஏழு ராத்திரி, அறை, சாப்பாடு, ஊர் சுற்றல் எல்லாம் சேர்த்து விற்கப்படும் நீளக் கப்பல்களில் போக நம்மிடம் காசு ஏது. ஆனால் மேல்தளம் என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதே நாற்காலிகள், அதே ஒலிபெருக்கி. லோரலைப் பாறை நெருங்கியதும் பாட்டு போட்டார்கள். ஹைன்ரிச் ஹைனே 1824ல் வெளியிட்ட கவிதை, ஃபிரீட்ரிஹ் சில்ஹர் 1837ல் அதற்கு அமைத்த மெட்டு. எல்லோரும் வலது ஓரத்துக்கு நகர்ந்தார்கள். கேமராக்கள் உயர்ந்தன. அதே நேரத்தில் எங்களுக்கு இடதுபக்கமாக ஒரு சரக்குப் படகு நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் பின்பகுதியில் கொடியில் துணி காய்ந்தது. ஒரு சின்னக் கார் நின்றது. கம்பியில் குழந்தையின் சைக்கிள் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் அதில் குடியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாட்டில் ஒரு படகோட்டி செத்துக்கொண்டிருந்தான். உயிரோடிருந்த படகோட்டி எங்களைக் கடந்து போனான்.

இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் மேல்தளம் என்பது வெறும் உட்காருமிடம் அல்ல, அது ஒரு வாசிப்பு முறை என்று தோன்றுகிறது. எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது, எதைப் பார்க்காமலிருப்பது என்பதையெல்லாம் அது ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறது. அந்தத் தீர்மானத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் தேதிகளும் உண்டு.

மைன்ஸுக்கும் கொலோனுக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியது 1827ல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1825ல், டெல்கெஸ்காம்ப் என்பவர் வரைந்த ரைன் பனோரமா அச்சாகிவிட்டது. நீண்ட பட்டையாக மடித்து வைக்கும் படம். நடுவில் நதி, இருபுறமும் மலை, கோட்டை, மாதாகோயில், ஊர். பயணி அதை மடியில் விரித்துக்கொண்டு, அவ்வப்போது தலையை நிமிர்த்தி, வரைந்திருப்பது எதிரே வந்துவிட்டதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். 1830களில் கோப்ளென்ஸ் நகரத்துப் புத்தக வியாபாரி கார்ல் பேடெக்கர், வேறொருவர் எழுதிய ரைன் பயண நூலை எடுத்துத் திருத்தி வெளியிட்டு, அதிலிருந்து தன் வழிகாட்டி நூல் வரிசையையே உண்டாக்கினார். ஆக, கப்பல், படம், வழிகாட்டி மூன்றும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. பார்த்துவிட்டு எழுதுவது என்பது போய், எழுதியதைப் பார்ப்பது என்பது வந்தது. டீன் மக்கேனல் 1976ல் சுற்றுலாப் பயணியைப் பற்றி எழுதியபோது, காட்சிக்கு முன்னதாகவே காட்சியின் குறி வந்து நிற்கிறது என்ற பொருளில் வாதிட்டார். ரைனில் அந்தக் குறி மடியிலேயே கிடந்தது.

லோரலைக்கு வருவோம். நாட்டார் கதை, ஆதிகாலத்து ஐதீகம் என்றெல்லாம் ஒலிபெருக்கி சொல்கிறது. பாறை என்னவோ பழசுதான். 132 மீட்டர் உயரம், நதி குறுகி வளையும் இடம், கீழே ஆழமும் சுழலும். எதிரொலிக்குப் பேர்போன இடமாகவும் இருந்தது. ஒரு காலத்தில் பயணிகளுக்காகத் துப்பாக்கி வெடித்தும் கொம்பு ஊதியும் எதிரொலியைக் கேட்கவைத்துக் காசு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாறைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தவர் கிளெமென்ஸ் பிரெண்டானோ என்ற கவிஞர். 1801ல், தம் நாவல் ஒன்றுக்குள் வைத்த கதைப்பாடலில். அவருடைய லோரே பாஹராஹ் ஊர்க்காரி. காதலன் கைவிட்டவள். அவளைப் பார்த்த ஆண்களெல்லாம் அழிந்துபோகிறார்கள் என்பதால் சூனியக்காரி என்று பிஷப்பின் முன் நிறுத்தப்படுகிறாள். என்னைக் கொன்றுவிடுங்கள் என்று அவளே கேட்கிறாள். பிஷப்புக்கு மனம் வரவில்லை. கன்னிமடத்துக்கு அனுப்புகிறார். போகிற வழியில் பாறைமேல் ஏறி, அங்கிருந்து ரைனில் விழுகிறாள்.

1818ல் ஆலோய்ஸ் ஷ்ரைபர் ரைன் பயணிகளுக்காக வெளியிட்ட கைநூலில் இந்தப் பெண் 'பழங்கதை'யாகிவிட்டாள். பதினேழே வருடம்! ஒரு தனிமனிதனின் புனைவு, வழிகாட்டிப் புத்தகத்தின் வழியாக, மக்களின் ஞாபகமாக மாறுகிறது. ஹைனே எழுதும்போது அது எந்தக் காலத்ததென்று தெரியாத கதை என்ற தொனியிலேயே தொடங்குகிறார். அவருடைய கவிதையில் கைவிட்ட காதலன் இல்லை, பிஷப் இல்லை, விசாரணை இல்லை. பாறைமேல் தங்கச் சீப்பால் தலைவாரிப் பாடுகிற ஒரு பெண், அவளை அண்ணாந்து பார்த்துப் பாறையில் மோதும் ஒரு படகோட்டி, அவ்வளவே. தண்டிக்கப்பட்டவள் தண்டிப்பவளாகிறாள். பெண்ணியம் பேசுகிறவர்கள் இந்த இடமாற்றத்தைக் கவனிக்கவேண்டும். பிரெண்டானோவில் சாவது அவள், ஹைனேயில் சாவது படகோட்டி. மேல்தளத்தில் யாருமே சாவதில்லை. மெட்டு மட்டும் மிஞ்சுகிறது.

இந்தப் பாட்டைப் பற்றியும் ஒரு கதை உண்டு. யூதராகப் பிறந்த ஹைனே நாஜிகளுக்கு ஆகாதவர்; பாட்டோ எல்லார் வாயிலும் இருந்தது. அதனால் 'எழுதியவர் பெயர் தெரியவில்லை' என்று போட்டு அச்சடித்தார்கள் என்பார்கள். தேடிப்போன ஆய்வாளர்களுக்கு அப்படி அச்சான புத்தகம் உறுதியாக ஒன்றும் கிட்டவில்லை. ஐதீகத்தின் மேல் ஒரு ஐதீகம். நிச்சயமாக நடந்தது வேறொன்று. ஹைனேயின் சொந்த ஊரான டூஸல்டார்ஃபுக்கென்று திட்டமிடப்பட்ட லோரலை நீரூற்றுச் சிற்பத்தை, நாஜிகளுக்கு வெகுகாலம் முன்பே, அந்த ஊர் வேண்டாமென்று ஒதுக்கியது. அது கப்பலேறிப் போய் 1899ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நிறுவப்பட்டது. பாட்டு வேண்டும், பாடியவன் வேண்டாம்.

1801 என்ற வருடத்தைச் சும்மா தாண்டிப் போகமுடியாது. அந்த வருடம் பிப்ரவரியில் லூனெவில் உடன்படிக்கைப்படி ரைனின் இடது கரை பிரான்சுக்குப் போயிற்று. பிரெண்டானோவின் கதைப்பாடல் வெளிவந்தது அதே வருடம். ஹோல்டர்லின் தம் 'ரைன்' கவிதையில் முனைந்திருந்ததும் அதே வருடம். நதி எல்லைக்கோடாக மாறிய தருணத்தில்தான் அதற்குத் தொன்மம் தேவைப்பட்டது. கவிஞர்கள் யாரோ உத்தரவு போட்டு எழுதினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தேவையைப் பின்னால் வந்த அரசு புரிந்துகொண்டது. 1815 வியன்னா மாநாட்டில் ரைன்லாந்து பிரஷியாவுக்குக் கிடைத்ததும், பெர்லின் அரச குடும்பம் இடிந்த கோட்டைகளை வாங்கிக் கட்ட ஆரம்பித்தது. ரைன்ஷ்டைன் 1825க்கும் 1829க்கும் இடையில் கட்டப்பட்டது. ஷ்டோல்சென்ஃபெல்ஸ் 1842ல் முடிந்தது. 'இடைக்காலம்' என்று நாம் படம் பிடிக்கும் கொத்தளங்களில் பல, நீராவிக் கப்பலின் வயதுடையவை. ரயில் பாதை போட்டபோது சுரங்க வாயில்களுக்கும் கோட்டை மாதிரியே கோபுரம் வைத்தார்கள். ரயில்கூட வேஷம் கட்டிக்கொண்டுதான் இந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைய முடிந்தது.

அசல் கோட்டைகள் எதற்கு இருந்தன? பெரும்பாலும் சுங்கம் வசூலிக்க. கௌப் ஊருக்கு எதிரே ஆற்று நடுவில் கல்லால் செய்த கப்பல் போல நிற்கிறதே பிஃபால்ஸ்கிராஃபென்ஷ்டைன், 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், அது சுத்தமான டோல்கேட். 1860கள் வரைக்கும் அங்கே வசூல் நடந்தது. படகுக்காரனை நிறுத்திப் பணம் பிடுங்கிய இடத்தை இன்று நாம் பணம் கொடுத்துப் பார்க்கிறோம். தகர்க்கப்படாமல் தப்பிய மார்க்ஸ்புர்க் கோட்டைக்கு ஜப்பானின் மியாகோ தீவில் ஒரு நகல் இருக்கிறது. போத்ரியாரைப் படித்தவர்கள் சந்தோஷப்படலாம். எனக்கு அதில் பெரிய அதிர்ச்சி இல்லை. ரைன் கரையிலேயே நகல்கள் நிறைய நிற்கின்றன. அவற்றுக்குத் தீவு தேவைப்படவில்லை.

'உள்ளூர்ப் பண்பாடு' என்ற பகுதி ஒவ்வொரு பயணத் திட்டத்திலும் உண்டு. ரூடஸ்ஹைமில் அது ட்ராஸல்காஸ என்னும் சந்து. 144 மீட்டர் நீளம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் அகலம். இருபுறமும் மதுக்கடை, பாட்டு, பட்டாளமாய் ஜனம். அங்கே கொடுக்கும் ரூடஸ்ஹைம் காப்பியில் ஆஸ்பாஹ் பிராந்தி ஊற்றி, தீப்பற்ற வைத்து, மேலே கிரீம் போட்டுத் தருகிறார்கள். குடிக்க நல்லாத்தான் இருக்கு. அதை 1957ல் ஒரு சமையல் நிபுணர் உருவாக்கினார். ஒரு பண்டம் புதுசாக இருப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. எல்லாப் பண்பாடும் எப்போதோ புதுசாக இருந்ததுதான். ஆனால் அதே சந்து 15ஆம் நூற்றாண்டில் படகுக்காரர்கள் தங்கள் சாமான்களை ஆற்றிலிருந்து வீட்டுக்குத் தூக்கிப் போக உண்டானது என்கிறார்கள். காப்பிக்குச் செய்முறை விளக்கம் உண்டு. அந்தச் சுமைக்கு அங்கே எந்தப் பலகையும் என் கண்ணில் படவில்லை.

மேலே கயிற்று ரயிலில் போனால் நீடர்வால்ட் நினைவுச்சின்னம், 1883ல் திறந்தது. ஜெர்மானியா என்ற பிரம்மாண்டமான பெண், ஜெர்மனி 1871ல் பிரான்சை வென்று ஒன்றானதன் சின்னம். பீடத்தில் ரைனைக் காவல் காக்கும் தேசபக்திப் பாடல் பொறித்திருக்கிறது. பயணத் திட்டத்தில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? 'அழகான காட்சிமுனை'. ரோலான் பார்த் 1957ல் நீல வழிகாட்டி நூலைப் பற்றி எழுதிய சின்னக் கட்டுரையில் இதைத்தான் பிடித்தார். மலையும் பள்ளமும் கோயிலும் மட்டுமே பார்க்கத் தகுந்தவையாகி, மனிதர்கள் வகைமாதிரிகளாகச் சுருங்கி, வரலாறு கரைந்துபோகிறது என்றார். அவர் பேசியது ஃபிராங்கோவின் ஸ்பெயினைப் பற்றி. போர்ச் சின்னம் கண்ணெதிரே நிற்கிறது, மறைக்கப்படவில்லை. அதன் முதுகுப்பக்கம் நின்று திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சுற்றுலாப் பயணியைக் கேலி செய்வது ரொம்ப சுலபம். என்ஸென்ஸ்பெர்கர் 1958லேயே சொல்லிவிட்டார், சுற்றுலாவைப் பழிப்பதும் சுற்றுலா அளவுக்குப் பழசு என்று. ரைனைப் பொறுத்தமட்டில் அந்தப் பழிப்பின் உச்சம் ஹைடெகர். 1953ல் ம்யூனிக் நகரில் தொழில்நுட்பம் குறித்து அவர் ஆற்றிய உரையில் ரைன் வருகிறது. மின்நிலையம் நதியின் மேல் கட்டப்படவில்லை, நதிதான் மின்நிலையத்துக்குள் கட்டப்பட்டுவிட்டது என்பது போல வாதிடுகிறார். ஹோல்டர்லின் பாடிய ரைனையும் மின்நிலையத்து ரைனையும் எதிரெதிரே வைக்கிறார். ஆனாலும் அது நிலக்காட்சியில் ஓடும் நதிதானே என்று ஒருவர் கேட்கக்கூடும் என்றும், விடுமுறைத் தொழில் அனுப்பிவைக்கும் பயணக் கூட்டம் பார்ப்பதற்காகத் தயார் நிலையில் வைக்கப்பட்ட ஒன்றாக மட்டுமே அது இன்று நிலக்காட்சி என்றும் பதில் சொல்கிறார். கூர்மையான பதில். இன்றைய கப்பல் கம்பெனிகளின் விளம்பரத் தாள்களுக்கு முன்பே எழுதப்பட்ட விமர்சனம்.

ஆனால் இந்த எதிர்நிலையை அப்படியே ஏற்க முடியவில்லை. கெட்டுப்போன நதிக்கு எதிராக அவர் நிறுத்தும் தூய நதி எங்கிருந்து வந்தது? அதே 1801லிருந்து. கவிதையின் ரைன், லோரலையின் ரைன், பயணக் கைநூலின் ரைன் எல்லாம் ஒரே சூழலின் பிள்ளைகள். 'கூட்டம் வருவதற்கு முந்தின ரைன்' என்ற ஏக்கத்தைத்தான் கப்பல் கம்பெனியும் விற்கிறது. தத்துவவாதியும் விளம்பரதாரரும் இன்னொரு விஷயத்திலும் ஒத்துப்போகிறார்கள். இருவருடைய நதியிலும் வேலைசெய்கிற ஆள் கிடையாது. ஒருவரிடம் கவிஞனும் அணையும். இன்னொருவரிடம் பாறையும் மதுக் கோப்பையும். பீங்கன் நகரத்துப் பாறைகளை வெடிவைத்து அகலப்படுத்தும் காலம்வரை, வழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டி மாலுமிகள் ஏறாமல் அந்த இடத்தைக் கடக்க முடியாது. கௌப், சாங்க்ட் கோர் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழில் செய்த குடும்பங்கள் இருந்தன. பாறைகள் உடைக்கப்பட்டு, ராடார் வந்து, அந்தத் தொழிலே இல்லாமல் போயிற்று. லோரலை கொன்ற படகோட்டிகளைவிட அதிகமாக இவர்கள் காப்பாற்றியிருப்பார்கள். இவர்களுக்கு ஒலிபெருக்கியில் பாட்டு இல்லை.

ஏழு ராத்திரிக் கப்பல் இன்னொரு நுட்பமான காரியம் செய்கிறது. லூட்விக்ஸ்ஹாஃபன் ரசாயன ஆலைகள், டூயிஸ்புர்க் உருக்காலைகள் இவற்றையெல்லாம் பெரும்பாலும் இரவில் கடந்துவிடுகிறது. பகல் வெளிச்சம் கோட்டைகளுக்கு ஒதுக்கப்பட்டது. நதியின் நீளத்தில் தூங்கிக் கடக்கவேண்டிய பகுதி எது, விழித்துப் பார்க்கவேண்டிய பகுதி எது என்ற பிரிவினை கால அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. காலையில் திரைச்சீலையை விலக்கினால் திராட்சைத் தோட்டம். அந்த அட்டவணையை ஓட்டுகிறவர்கள் ருமேனியா, ஹங்கேரி, செர்பியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பல தேசத்தார். கப்பலின் நீளம் 135 மீட்டர், அகலம் பதினொன்றரைக்கும் கொஞ்சம் குறைவு. 12 மீட்டர் அகல மதகுகளுக்குள் நுழையவேண்டுமே. அந்த ஒடுங்கிய உடம்புக்குள் நீர்மட்டத்துக்கு மேலே ஜன்னல் யாருக்கு, கீழே படுக்கை யாருக்கு என்ற கேள்விக்குக் கப்பலின் வரைபடமே பதில் சொல்லிவிடும்.

2011 ஜனவரி 13. விடிவதற்கு முன். வால்ட்ஹோஃப் என்ற டேங்கர் கப்பல், ஏறத்தாழ 2,400 டன் கந்தக அமிலத்தோடு லூட்விக்ஸ்ஹாஃபனிலிருந்து ஆன்ட்வெர்ப்புக்குப் போகும் வழியில், இதே லோரலைக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. நால்வர் இருந்தார்கள். இருவர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இருவர் மீளவில்லை. நதி வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது. நூற்றுக்கணக்கான சரக்குக் கப்பல்கள் காத்துநின்றன. மீட்பு வேலையின்போது அமிலத்தில் ஒரு பகுதியைக் கட்டுப்படுத்தி ஆற்றிலேயே கலக்கவிட வேண்டியிருந்தது. ஏற்றப்பட்ட சரக்குக்கும் ஏற்றிய விதத்துக்கும் கப்பலின் சமநிலை ஈடுகொடுக்கவில்லை என்பது பின்னால் வந்த விசாரணையின் முடிவு. அந்த நாட்களில் பத்திரிகைகள் என்ன தலைப்புப் போட்டிருக்கும் என்று யூகிக்கக் கஷ்டமில்லை. பாறையின் பெயரைச் சொன்னதுமே அவள் வந்துவிடுவாள். தொன்மம் செய்கிற வேலை இதுதான். டன் கணக்கு, சரக்கேற்றும் விதி, சம்பளம், வேலை நேரம் என்று கேட்கவேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் கூந்தலை இழுத்துவிடுகிறது. ஒரு படகோட்டி எப்படிச் செத்தான் என்ற கேள்விக்கு 1801லிருந்து நம்மிடம் அழகான விடை தயாராக இருக்கிறது.

கரையில் இருப்பவர்கள் பாடும் கொண்டாட்டம் இல்லை. பீங்கனிலிருந்தும் ரூடஸ்ஹைமிலிருந்தும் கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002ல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே ஆற்றின்மேல் பாலம் ஒன்றுகூடக் கிடையாது. ராத்திரி கடைசிப் படகுத்துறைப் பயணம் முடிந்துவிட்டால், எதிரே விளக்கு தெரிகிற ஊருக்குப் போக சுற்றுவழி. சாங்க்ட் கோர் அருகே பாலம் கட்டுவதைப் பற்றிப் பல வருடங்களாகப் பேச்சு. பாலம் வந்தால் காட்சி கெடும், மரபுத் தகுதி போய்விடும் என்பது ஒரு பயம். வெறும் பயமல்ல, எல்பே நதியின் மேல் பாலம் கட்டியதற்காக டிரெஸ்டன் பள்ளத்தாக்கு 2009ல் அந்தத் தகுதியை இழந்தது. இன்னொரு பக்கம் இரு கரைகளிலும் சரக்கு ரயில்கள் ராத்திரி முழுக்கத் தடதடக்கின்றன. வீட்டுச் சுவர் அதிர்கிறது. செங்குத்தான ஸ்லேட் சரிவுகளில் ரீஸ்லிங் திராட்சை பயிரிடும் பாத்திகள் பல கைவிடப்பட்டுப் புதர் மண்டிவிட்டன. இயந்திரம் ஏறமுடியாத சரிவில் கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை. அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆட்கள் வந்து போகிறார்கள். ரயில் சத்தம் படத்தில் விழாது என்பதால் மரபுக்குப் பாதகமில்லை, பாலம் படத்தில் விழும் என்பதால் பாதகம் என்ற அளவுக்கு வாதத்தை எளிமைப்படுத்த மாட்டேன். பாலம் வேண்டாம் என்று சொல்கிற உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய காரணங்களும் லேசானவையல்ல. ஆனால் யாருடைய கண்ணுக்காக அந்தப் பள்ளத்தாக்கு அப்படியே இருக்கவேண்டும் என்ற கேள்வியை மேல்தளத்திலிருந்து கேட்கமுடியாது. கேட்கிற இடம் கரையில் இருக்கிறது.

சமீப வருடங்களில் நதியே குறுக்கே பேச ஆரம்பித்திருக்கிறது. கௌப் ஊரின் நீர்மட்ட அளவுகோல்தான் இந்தப் பகுதிக் கப்பல்களுக்கு அளவு. அதில் காட்டும் எண் ஆற்றின் முழு ஆழமல்ல, ஒரு கணக்குக் குறி. ஆனால் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதை அந்த எண்ணே முடிவுசெய்கிறது. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. சரக்குக் கப்பல்கள் கொள்ளளவில் ஒரு பங்கை மட்டும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்தன. மேலே லூட்விக்ஸ்ஹாஃபனில் ரசாயன உற்பத்தியையே குறைக்க வேண்டியதாயிற்று. 2022 ஆகஸ்டிலும் கிட்டத்தட்ட அதே நிலை. இப்படிப்பட்ட வாரங்களில் பயணக் கப்பல்காரர்கள் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கரையோரமாகவே கொண்டுபோய், தண்ணீர் உள்ள இடத்தில் நிற்கும் இன்னொரு கப்பலில் சேர்ப்பதுண்டு. அப்போதும் பஸ் ஜன்னலில் கோட்டைகள் வரிசை தப்பாமல்தான் வரும்.

எங்கள் படகு கௌப்பைக் கடந்தபோது ஒலிபெருக்கி ஆற்று நடுவில் நிற்கும் சுங்கக் கோட்டையைப் பற்றி மூன்று மொழிகளில் சொன்னது. அளவுகோல் வலது கரையில் இருக்கிறது என்று ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். வலது கரை ஒன்றிலும் இல்லை. அந்த நேரத்தில் நானும் கோட்டையைத்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.